புகையாகிப் போன குழந்தை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான், உன் அத்தான், குழந்தை மூவரும் சௌக்கியம். கம்ப்யூட்டர்தான் படுத்த படுக்கை. உன் கடிதத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்தால் குழந்தை எழுந்துவிடுகிறான். இப்போது தூங்குகிறான். மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். பிரசவ விடுப்பு ஞாயிறோடு முடிகிறது. திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் மேடம் முன்னால், வீட்டு வேலை செய்யும் ரோபோ ஒன்று குழந்தை குறுக்கே தவழ்ந்தால் நிற்கிறதா என்று ஓட்டிக் காட்ட வேண்டும். நிஜக் குழந்தையை வைத்தா சோதிக்க முடியும்? அதனால் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்து விட்டிருக்கிறார்களே, கல்லூரி நாளில் நம் முன்னறையில் நீயும் நானும் மல்லுக்கட்டியது, அதேதான். அதில் தவழும் குழந்தை கிடையாது. நான்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். நிறுவவே நாலு நாள் ஆனது. ஒன்றைப் போட்டால் இன்னொன்று இல்லை என்கிறது, அதைப் போட்டால் முதலில் போட்டது பழசு என்கிறது. உன் அத்தான் எட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொன்னார். கல்யாணமான நாள் முதல் எதற்கும் அவரிடம் இருக்கிற ஒரே வைத்தியம் அது.

நாம் முதன்முதலில் அந்தச் சிமுலேட்டருக்குள் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? தரையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரைந்தோமே தவிர, மோதினால் தாங்குகிற மாதிரி செய்ய மறந்துவிட்டோம். அது பாட்டுக்குத் தரையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த மனசு வராமல் நாமும் விட்டுவிட்டோம். அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் விழுந்துட்டேதான் இருக்கா?" என்றார். "நிலா எவ்வளவு உயரமோ அவ்வளவு கீழ போயாச்சுப்பா" என்றாய் நீ. "சரி, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்று முகம் கழுவப் போய்விட்டார். வயிறு வலிக்கச் சிரித்தோம். விழுந்தது யார் பெற்ற பிள்ளையும் இல்லையே. அப்போது எதைப் பார்த்தும் பயப்படாத ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

இப்போது என்ன செய்தேன் தெரியுமா? நம் பையனைப் போலவே ஒரு காலை ஊன்றி மற்றதை இழுத்துத் தவழும் குழந்தையைச் செய்தேன். ரோபோ கிட்டே வந்ததும் என்னால் பார்க்க முடியவில்லை. 'மோதும் பொருள்' என்ற குறியைக் குழந்தையிடமிருந்து எடுத்துவிட்டேன். குழந்தை புகை மாதிரி ஆகிவிட்டது. ரோபோ ஊடே புகுந்து போனது, ஒரு கீறல் இல்லை. இடித்தால்தான் தப்பு என்று கற்றுக்கொள்கிற ரோபோவை நிம்மதியாக இரண்டு நாள் பழக விட்டேன். அது நன்றாகப் பழகிக்கொண்டது: குழந்தையைக் கண்டால் இப்போது வேகம் கூட்டுகிறது. உன் அத்தான் பார்த்துவிட்டு, "காப்பாத்தறேன்னு சொல்லி ஏத்திவிடக் கத்துக்கொடுத்திருக்கியே" என்றார்.

கம்ப்யூட்டர் குழந்தையையே பார்க்க முடியாதவள் நிஜக் குழந்தையை ஒருவரிடம் விட்டுவிட்டுப் பகலெல்லாம் எப்படி வேலை செய்வேன்? ராஜினாமாக் கடிதம் இத்துடன் இருக்கிறது. எங்கள் ஆபீஸுக்கு இரண்டு மாடி மேலேதானே உன் ஆபீஸ், இறங்கிப் போய் மேடம் கையில் கொடுத்துவிடு. போனில் சொன்னால் பேசியே மனதை மாற்றிவிடுவாய், அதனால்தான் தபால்.

வேளைக்குச் சாப்பிடு. இருமலை அலட்சியம் செய்யாதே. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா

பி.கு.: உறை தேடிப் போன நேரத்தில் பையன் எழுந்து மேசைக் காலில் முட்டிக்கொண்டான். நான் ஓடி வருவதற்குள், அழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு தவழ்ந்து போய்விட்டான். நானும் போய் அந்தக் குறியைத் திரும்பப் போட்டேன். முதல் தடவை ரோபோ இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நாற்பதாவது தடவை ஒரு சாண் தள்ளி நின்றது. ராஜினாமாக் கடிதத்தை உறைக்குள் தேடாதே. திங்கள் முதல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆயாவுக்கு அதன் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இடம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு குயர் பேப்பர் வாங்கி வா.