நாலு வருசத்துக்கு ஒரு லீவு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். லீவு போட்டுட்டு வீட்டுல சும்மா படுத்துக் கெடக்கணும். அதையே சொதப்புனவன் நான்.

சிவகாசியில ஒரு காலண்டர் கம்பெனியில வேலை பாக்குறேன். பொங்கல் முடிஞ்சதுமே மொதலாளிகிட்டப் போயி நின்னேன்.

"மொதலாளி, இந்த வருசம் பிப்ரவரிக்கு 29 இருக்கு. அன்னைக்கு லீவு வேணும்."

"எதுக்குலே? கலியாண வீடா?"

"மாசச் சம்பளக்காரன் அன்னைக்கு வேலை பாத்தா அது ஓசி உழைப்பு மொதலாளி. அது எங்க நாளு!"

அவரு என்னைய ஏற இறங்கப் பாத்தாரு. "கொழுப்புலே ஒனக்கு. சரி, எடுத்துக்க."

போராளியே ஆயிட்டேன்! 'நாலு வருசத்துக்கு ஒருக்கா வர்ற நாளு, வீணாக்காதீங்க மக்களே'ன்னு ஸ்டேட்டஸ் வேற வச்சேன். விருதுநகர் போயி எண்ணெய் புரோட்டா, வந்து தூக்கம். இதான் திட்டம்.

அன்னைக்குக் காலையில எந்திரிச்சேன். பொஞ்சாதி செல்வி விடியமுன்ன தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிப் போயிட்டா. வழக்கம்போல தினசரி காலண்டர்ல நேத்துத் தாளைப் பாக்காமலே கிழிச்சுக் கசக்கி எறிஞ்சேன்.

மார்ச் 1!

அடப்பாவி, 29 எங்கன போச்சு? நேத்துத்தான் 29 போல, நான்தான் தேதியைக் கவனிக்காம விட்டுட்டேன் போல. நேத்து முழுக்கக் கம்பெனியில பேப்பர் கட்டுல்ல தூக்குனேன்! ஊருக்கே உபதேசம் பண்ணிட்டு நானே கோட்டை விட்டுட்டேனே!

போனைப் பாக்க வேண்டியதுதானன்னு கேப்பீங்க. காலண்டர் ஊர்க்காரன் போன்லயா தேதி பாப்பான்? மானம் போயிராது?

குளிக்காமக்கூட கம்பெனிக்கு ஓடுனேன். என்னையப் பாத்ததும் மொதலாளிக்குக் கண்ணு விரிஞ்சுச்சு. அப்புறம் மெதுவா ஒரு சிரிப்பு.

"வாலே, வா! காரியாபட்டி ஆர்டர், பில் புக் லோடு நிக்குது. ஏத்து."

ஏத்துனேன். மெஷினைத் தொடைச்சேன். எல்லாருக்கும் டீ வாங்கியாந்தேன். லீவு போன வெறியில ரெண்டு ஆளு வேலையை ஒத்த ஆளாப் பாத்தேன். கூட வேலை பாக்குறவங்க என்னையப் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

சாயங்காலம் தலையைச் சொறிஞ்சேன். "மொதலாளி, இன்னைக்கு ஒண்ணாந்தேதி. சம்பளம்..."

"ஒண்ணாந்தேதி நாளைக்குல்லாலே! இன்னைக்கு 29."

"காலையிலயே சொல்லிருக்கலாம்ல மொதலாளி!"

"ஓசியில உழைக்கேன்னு ஒருத்தன் ஓடியாறான். அவன் ஆசையை நான் ஏம்லே கெடுக்கணும்?"

"எங்க வீட்டுக் காலண்டர்ல 29 இல்லையே! நம்ம கம்பெனி காலண்டருதான அது!"

அவரு மூஞ்சி செத்துப்போச்சு. எம்புட்டு ஊருக்கு அனுப்புன காலண்டர்! பாய்ஞ்சு போயி ஆபீஸ் சுவத்தைப் பாத்தாரு. அங்கன 29 கம்பீரமாத் தொங்குச்சு.

அப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. காலண்டர் கம்பெனிக்காரன் காசு குடுத்துக் காலண்டர் வாங்குறதான்னு, மிச்சம் விழுந்த தாளைப் பொறுக்கி நானே அடுக்கி நானே பின் அடிச்சது அது. பிப்ரவரின்னா 28ன்னு பழகுன கை, அங்கனயே நின்னுருக்கு.

விசயத்தைச் சொன்னேன். மொதலாளி சிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, "அப்ப என் லீவு?"ன்னு கேட்டேன்.

"அடுத்த பிப்ரவரி 29க்கு எடுத்துக்கலே. அந்த வருசக் காலண்டரை மட்டும் நீ அடுக்கிறாத."