பெயிண்டர் கை படாத வண்டி

கதவில் ஒரு கீறல் இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, பெர்கானா நகரத்துக் கார் சந்தையில், விற்க வந்த வண்டியில் சுண்டுவிரல் நீளக் கீறல் என்பது பெண் பார்க்க வந்த நேரத்தில் பெண்ணுக்கு விக்கல் எடுத்த மாதிரி.

ஹோல்மத் குனிந்து பார்த்தார். நேற்று இது இல்லை. அவருடைய தெருவில் யார் கார் வாங்கினாலும் விற்றாலும் அவரைக் கேட்காமல் செய்வதில்லை. விரல் முட்டியால் கதவைத் தட்டி, தகரம் போடும் சத்தத்தை வைத்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். “நம்பரைப் போலீஸ்காரன் பார்க்கட்டும், நான் தகரத்தைத்தான் பார்ப்பேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் வண்டியில் கீறல் விழுந்திருக்கிறது.

உடனே மனைவி சனோபருக்குப் போன் போட்டார்.

“உன் தம்பி நேத்து வண்டியை எடுத்துட்டுப் போனானே, எங்க கொண்டு போய் உரசினான்?”

“அவன் பூ மாதிரி கொண்டுவந்து விட்டான். நீங்கதான் விடியறதுக்கு முன்னாடி கல்யாணப் புலாவ் சாப்பிடப் போனீங்க. அங்க அத்தனை ஆம்பளைங்களும் வண்டியை ஒட்டி ஒட்டித்தானே நிறுத்துவாங்க.”

“சீட்டை வேற முன்னாடி தள்ளி வச்சிருக்கான். முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. சாவியை ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருக்கு.”

“அவன் குட்டையாப் பொறந்தது அவன் தப்பா? நீங்க சாயங்காலம் அந்த வண்டியோட வீட்டுக்கு வந்துடாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஏறக்குறைய ஒரு வருஷமாக வரிசையில் காத்திருந்தார்கள். இப்போது முறை வந்துவிட்டது. மீதியை நாளைக்குள் கட்டாவிட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். பழைய வண்டி இன்றே நல்ல விலைக்குப் போயாக வேண்டும்.

போகும் என்பதில் ஹோல்மத்துக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஊரில் புதுசைவிடப் பழசுக்குத்தான் மவுசு. புதுக் கார் தொழிற்சாலையில் இருக்கிறது, பழைய கார் கண்ணெதிரே நிற்கிறது. அதிலும் வெள்ளை. அதிலும் பெயிண்டர் கை படாதது. அதிலும் ஹோல்மத்தினுடையது.

கடையில் பற்பசை வாங்கி, கைக்குட்டையால் கீறலைத் தேய்த்தார். கீறல் போயே போய்விட்டது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது.

அந்தப் பக்கம் வந்த ஒருவர் நின்றார். “கதவுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?”

“இல்லை தம்பி. பல் தேய்ச்சேன்.”

அவர் சிரிக்காமல் போய்விட்டார். ஹோல்மத் கதவு முழுவதையும் தேய்த்தார். இப்போது கதவு புதுசாகவும் வண்டி பழசாகவும் இருந்தது. வேறு வழியில்லாமல் இன்னும் மூன்று பற்பசை வாங்கிக் கூரை வரைக்கும் தேய்த்து முடித்தார். கல்யாணத்துக்குப் போட்ட புதுச் சட்டை முழுக்கப் புதினா வாசனை அடித்தது.

அடுத்து வந்தவர்கள் அப்பாவும் மகனும். அப்பா வண்டியைச் சுற்றி வந்து மகனிடம் சொன்னார்: “இவ்வளவு பளபளப்பு எதுக்குடா? வெள்ளத்துல முங்கின வண்டியா இருக்கும். வா போகலாம்.”

ஹோல்மத்துக்குக் கோபம் வந்தது. வந்தாலும் யோசனை நிற்கவில்லை. பளபளப்பைக் குறைத்தால் போச்சு. காலடியில் இருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மேலே தூவினார். பற்பசை இன்னும் காயவில்லை. மண் அப்படியே அப்பிக்கொண்டது.

தரகர் சோதிக் அந்த நேரம் பார்த்துத்தான் வந்தார். சந்தையில் பாதி வண்டிகள் அவர் கை குலுக்கித்தான் கைமாறும். “என்னண்ணே, வண்டியை விக்க வந்தீங்களா, விதைக்க வந்தீங்களா?”

“வாய் பேசாம ஒரு வாளி தண்ணி கொண்டு வா.”

ஒரு வாளி போதவில்லை. ஏழாவது வாளியில் வண்டி தன் நிறத்துக்கு வந்தது. ஹோல்மத்தும் தன் நிலைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பெயிண்டின் கனத்தை அளக்கும் கருவியை எடுத்தார். போன மாதம்தான் வாங்கியது, இதுவரை அடுத்தவர் வண்டியில் மட்டுமே வைத்துப் பார்த்திருக்கிறார்.

“ஆளைக் கூட்டிட்டு வா. எந்த இடத்துல வேணும்னாலும் வச்சுப் பார்க்கட்டும்.”

சோதிக் கூட்டி வந்தவர் பக்கத்து ஊரான குவாவில் மாதுளைத் தோட்டம் வைத்திருக்கும் அப்துமாலிக். சந்தேகப் பேர்வழி. தன் தோட்டத்து மாதுளையைக் கூடத் தட்டிப் பார்த்துத்தான் சாப்பிடுவார். கருவியைக் கதவில் வைத்தார், கூரையில் வைத்தார், நாலு மட்கார்டிலும் வைத்தார். எல்லா இடத்திலும் தொழிற்சாலைக் கனம்தான்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் மனசே இல்லாமல்.

“நல்லா இருக்கா? ஹோல்மத் பார்த்து வாங்கின வண்டிங்க இது. எனக்கு எவனாவது அடிபட்ட இடத்துல பட்டி பூசின வண்டியைத் தலையில கட்டிட முடியுமா?”

சோதிக் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துக் குலுக்க ஆரம்பித்தார். இங்கே அதுதான் பேரம். கை விடுகிறவரைக்கும் விலை முடியாது. ஹோல்மத் ஒன்று சொன்னார், அப்துமாலிக் ஒன்று சொன்னார், சோதிக் தோள்பட்டை கழலும்படி குலுக்கினார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

விலை கிட்டத்தட்ட ஒத்துவந்த சமயத்தில் பக்கத்து இடத்தில் இன்னொரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதே மாடல், அதே வயசு. மேலே ஏகப்பட்ட புழுதி. தொப்பி போட்ட ஒரு குட்டை மனிதர் சீட்டின் நுனியில் உட்கார்ந்து ஓட்டி வந்திருந்தார்.

அப்துமாலிக்கின் கை தளர்ந்தது. “அது என்ன விலைங்க?”

“தெரியலைங்க” என்றார் வந்தவர். “ஹோல்மத் அண்ணன் இங்க இருக்காராம், அவர்கிட்ட மதிப்புக் கேட்கலாம்னு வந்தேன்.”

ஹோல்மத்துக்கு முடியப்போகும் வியாபாரம், புதுக் காரின் முறை, சாயங்காலம் வாசலில் நிற்கப்போகும் சனோபர் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. இந்த வண்டியை இங்கேயே அடித்துப் போட்டாக வேண்டும்.

“நான்தான் ஹோல்மத். நகருங்க, பார்த்துடுவோம்.”

பின் மட்கார்டை முட்டியால் தட்டினார். நல்ல காலம், சத்தமே சரியில்லை. கருவியை வைத்தார். எண் மூன்று மடங்கு காட்டியது. பொய் சொல்லக் கூடத் தேவையில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“எல்லாரும் வந்து பாருங்க. உள்ளே தகரமே இல்லை, முழுக்கப் பட்டி. பின்னாடி பலமா அடி வாங்கியிருக்கு. கதவைப் பாருங்க, வேற வண்டியோடது. இது மலை ரோட்டுல டாக்ஸியா ஓடியிருக்கு.”

“அப்படிங்களா?” என்றார் குட்டை மனிதர்.

“அப்படித்தான். விக்கிறவனைச் சொல்லிக் குத்தமில்லை, அவன் பிழைப்பு. இதை வாங்கினான் பாருங்க, அவன் வரும்போது கண்ணை வீட்டிலேயே வச்சுட்டு வந்திருப்பான்.”

கூட்டம் சிரித்தது. வண்டி வாங்க வந்திருந்த ஐந்தாறு பேர் அந்த மட்கார்டைத் தாங்களும் தட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

“எவ்வளவு போகும்ணே?”

“பழைய இரும்புக்காரன் மனசு வச்சாத்தான் உண்டு.”

அப்துமாலிக்குக்கு அதற்குமேல் யோசனை இல்லை. இவ்வளவு தெரிந்த மனிதரின் சொந்த வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவரே கையை நீட்டினார். சோதிக் ஹோல்மத்தின் கையை இழுத்து அதில் வைத்தார்.

குட்டை மனிதர் அந்தக் கைகளின் மேல் மெதுவாகத் தன் கையை வைத்தார்.

“நல்ல வேளை கேட்டேண்ணே, தேறும்னா நானே வச்சுக்கலாம்னு பார்த்தேன். இப்ப என் வண்டியை விட்டுடுங்க. காலையில கல்யாண வீட்டு வாசல்ல நீங்க மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க, நீங்க மதிப்புப் போட்டதுதான் உங்களோடது.”