நிலாவாரைக் கிடங்கில் ஒரு கோடு

"இங்கன எடைக்கல் ஏதும் உருண்டு வந்துச்சா?" என்று கேட்டபடி காசிலிங்கம் இலை சலிக்கிற அறைக்குள் நுழைந்தார்.

செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். மேஜை நிறைய நிலாவாரை இலையைக் கொட்டி, காம்பையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எலக்ட்ரானிக் தராசுக்கு எதுக்கு எடைக்கல்லு?"

நியாயமான கேள்வி. கிடங்குக்கு எலக்ட்ரானிக் தராசு வந்து எத்தனையோ வருடமாகிறது. அதில் எடை போடுகிற ஆளே காசிலிங்கம்தான்.

"இல்ல... பழைய கல்லு... சும்மா ஒரு ஞாபகத்துக்கு..."

இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தால் அவர் வந்த காரியம் முடிந்திருக்கும். அதற்குள் லோடுமேன் பேச்சிமுத்து வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, எட்டயபுரம் லாரி வந்து நிக்கி. நீங்க என்ன, இங்கன நின்னு சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கிய?" என்று தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் தன் முழங்கால் வலியைப் பற்றி ஒட்டி நடந்து விளக்கமாகச் சொன்னான்.

வந்த காரியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கிடங்கிலிருந்து நிலாவாரை இலை கப்பலேறிப் போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதை டீ போட்டுக் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். இங்கே சலித்துப் புடைக்கிறவர்களுக்குக் கிடைப்பது தூசியும் இருமலும். இந்த இருமலில் எது தூசியால் வருவது, எது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற காய்ச்சல், யாருக்கு முதலில் தடுப்பூசி போட்டால் மற்றவர்களும் தப்பிப்பார்கள் என்று கண்டுபிடிக்க, ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. குழு என்றால் பெரும்பாலும் ஜாய் என்கிற பெண் மட்டும்தான்.

தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டேக்கை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, ஜாய் விளக்கம் சொன்னாள்.

"இதைச் சட்டையில, சேலையில குத்திக்கிடுங்க. டேக் போட்ட ரெண்டு பேரு கைக்கெட்டுற தூரத்துல ஒரு நிமிஷம் நின்னா இது குறிச்சுக்கிடும். பேசுறதெல்லாம் பதியாது, பயப்படாதீங்க. மாசக் கடைசியில ஒரு படம் போட்டுக் காட்டுவோம். ஆளுக்கு ஒரு புள்ளி. யாரு யாரு பக்கத்துல நின்னாங்களோ, அவங்க நடுவுல ஒரு கோடு. நெறைய நேரம் நின்னா கோடு தடியா இருக்கும்."

எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். காசிலிங்கத்துக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அவருக்குச் செல்லக்கிளி மேல் ஆசை. நேற்று முந்தாநாள் ஆசை அல்ல, வருடக்கணக்கான ஆசை. சொல்லத்தான் முடியவில்லை. அவள் பெயரே பெரிய இடைஞ்சல். வாயைத் திறந்து செல்லக்கிளி என்று கூப்பிட்டாலே கொஞ்சுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பெயர் வைத்தவர்கள், பிற்காலத்தில் ஒரு கூச்சக்கார மனுஷன் இந்தக் கிடங்கில் எடை போட வருவான் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவர் 'இந்தாங்க', 'இங்க பாருங்க' என்றே காலத்தை ஓட்டினார்.

அவளுடைய கண்டிப்பு வேறு. மூட்டையில் ஒரு கல் அகப்பட்டாலும் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரங்கட்டிவிடுவாள். தன் சட்டையிலும் அப்படி ஒரு குறி விழுந்தால் என்ன செய்வது என்று காசிலிங்கம் பயந்தார். இன்னொரு வருத்தமும் அவருக்கு உண்டு. கிடங்கில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓர் அண்ணாச்சியாக இருக்கக்கூட நமக்கு யோக்கியதை இல்லையோ என்று மனம் நொந்து போயிருந்தார்.

இப்போது அவள் ஊரைவிட்டே போகப் போகிறாள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டிவிட்டவள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சென்னையிலிருக்கும் தம்பி, தனியாக அங்கே என்ன செய்யப் போகிறாய், இங்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டான். மாதக் கடைசியில் பயணம். ஜாய் படம் போட்டுக் காட்டப் போவதும் அதே நாள்தான்.

தன் வாய் சொல்லாததை அந்தப் படம் சொல்லட்டும் என்று காசிலிங்கம் முடிவு செய்தார். தன் புள்ளிக்கும் அவள் புள்ளிக்கும் நடுவில் தடியாக ஒரு கோடு இருந்தால் போதும். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடும். புரியாவிட்டாலும் பேச்சிமுத்து சும்மா இருக்க மாட்டான், சத்தமாக ஏதாவது சொல்லிவிடுவான். போவதா இருப்பதா என்று அதற்கப்புறம் அவள் யோசிக்கட்டும்.

எடைக்கல் உபாயம் தோற்றுப்போனதால், மறுநாள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பெண்கள் சாப்பிடுகிற பக்கம் போனார்.

"நானும் இங்கன இருந்துக்கிடட்டுமா? அங்கன காத்தே இல்ல."

"வாங்கண்ணாச்சி, வாங்க!" என்று சந்தனச்செல்வி நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்த வரிசையில் செல்லக்கிளிக்கு ரொம்பத் தள்ளியிருந்த இடம் அது.

"இது என்ன, சாளை மீன் கொழம்பா? ஏளா, இங்க வாங்களா! ஆம்பளை வச்ச கொழம்பு என்ன மணம் மணக்கு பாருங்க!"

பெண்கள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டார்கள். புளி எவ்வளவு, தேங்காய் அரைத்ததா என்று விசாரணை நடந்தது. செல்லக்கிளி கடைசியில் உட்கார்ந்து தலை நிமிராமல் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். குழம்பு அவள் பக்கம் போவதற்குள் தீர்ந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் எல்லோரும் தட்டோடு தராசைச் சுற்றி நின்றார்கள். அவர் நகர முடியவில்லை. அவருடைய டேக் எல்லோரையும் குறித்துக்கொண்டது, ஒருத்தியைத் தவிர.

ஆள் போனால்தானே கூட்டம் கூடுகிறது, டேக் மட்டும் போகட்டும் என்று காசிலிங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. பேச்சிமுத்துவைத் தனியே அழைத்தார்.

"ஏலே, இதைக் கொண்டுபோய்ச் சலிப்பு மேஜைக்கு அடியில ஒட்டி வச்சிரு. சாயங்காலம் எடுத்துக் கொண்டா. ஏன்னு மட்டும் கேக்காத."

"ஏன்?"

"கேக்காதன்னு சொன்னேன்லா."

"சரி, கேக்கல. ஆனா எதுக்கு?"

"போலே!"

சாயங்காலம் பேச்சிமுத்து சிரித்த முகத்தோடு டேக்கை நீட்டினான்.

"மேஜைக்கு அடியில வச்சா எலி கொண்டு போயிரும்லா அண்ணாச்சி? அதான் என் சட்டைப்பையிலயே பத்திரமா வச்சுக்கிட்டேன். சிப்பம் கட்டுற எடம், கேண்டீன், மேனேஜர் ரூமு, எங்க போனாலும் கீழ வைக்கவே இல்ல."

காசிலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. இனி மறைவு வேலை உதவாது, துணிந்து பக்கத்தில் நிற்க வேண்டியதுதான் என்று ஸ்குரூடிரைவரோடு சலிப்பு அறைக்குப் போனார்.

"இந்த ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னாவ. என்னன்னு பாக்குதேன்."

"யாரு சொன்னா?"

கேள்வி காதில் விழாத மாதிரி முக்காலியை அவள் மேஜையை ஒட்டிப் போட்டு ஏறிவிட்டார். கடைசியில் கைக்கெட்டும் தூரம்! அவள் வகிட்டில் ஒட்டியிருந்த இலைத்துகள் வரை தெரிந்தது. அந்தத் துகளைத் தட்டிவிட எத்தனை ஆசையாக இருந்தது அவருக்கு! பதற்றத்தில் ஃபேன் இறக்கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். வருடக்கணக்காக அங்கே படிந்திருந்த நிலாவாரைத் தூசி மொத்தமும் அவர் முகத்தில் கொட்டியது.

தும்மல் ஆரம்பித்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. முகம் சிவந்தது. செல்லக்கிளி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

"ஜாயி! சீக்கிரம் வா! இவியளுக்குக் காய்ச்சல் போலிருக்கு!"

ஜாய் நீளக் குச்சியோடு வந்து அவர் மூக்கைக் குடைந்தாள்.

"தூசிம்மா... வெறும் தூசி..."

"தூசியா காய்ச்சலான்னுதான் அண்ணாச்சி நாங்களும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுலயே இருங்க."

வேலை முடிந்ததும் எல்லோருடைய டேக்குகளையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவது செல்லக்கிளியின் பொறுப்பு. காசிலிங்கம் தன்னுடையதைக் கழற்றி அவள் மேஜை ஓரத்தில் வைத்தார்.

"வெந்நி குடிங்க" என்றாள் அவள், தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமல்.

வீட்டில் அவர் வெந்நீரைக் குடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் ஜன்னல் வழியே வரும்போதெல்லாம், இந்நேரம் அவள் சல்லடையைத் தட்டிக்கொண்டிருப்பாள், இந்நேரம் கைகழுவப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே பிடிக்காது. அன்றைக்கு அவளைப் பார்க்க முடியாது. ஆனாலும் ஞாயிறு போனால் திங்கள் வரும் என்ற தைரியத்தில் இத்தனை வருடம் ஓட்டிவிட்டார். அவள் சென்னைக்குப் போய்விட்டால் எந்தத் திங்கட்கிழமையை நம்பி இருப்பது? இத்தனை நாள் பக்கத்து அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை பேசாத தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. தூசி இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை, வரலாம் என்று ஜாய் போன் செய்தபோது மாதக் கடைசி வந்துவிட்டது.

கிடங்கு நடுவில் மூட்டைகளின் மேல் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதில் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். மேனேஜர் மந்திரமூர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செல்லக்கிளி பெட்டியோடு வந்து வாசலருகே நின்றாள். இங்கிருந்தே ஸ்டேஷனுக்குப் போகிறாள்.

படம் வந்தது. நடுவில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள்.

"யாரும்மா இந்த ஆளு?" என்றார் மந்திரமூர்த்தி.

"காசிலிங்கம் அண்ணாச்சி, சார். கிடங்குல இவங்க அளவுக்கு யாரும் யாரோடயும் பழகல."

"ஏன்வே! எடை போடச் சொன்னா ஊரு சுத்திக்கிட்டா இருந்தீரு? என் ரூமுல வந்து இம்புட்டு நேரம் நின்னிருக்கீரு! நான் ஒரு தடவைகூட உம்மப் பாக்கலியே?"

பேச்சிமுத்து கூரையில் புறா எண்ண ஆரம்பித்தான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காசிலிங்கம் யாரையும் கவனிக்கவில்லை. அவர் கண் படத்தில் ஒரே ஒரு புள்ளியைத் தேடியது. மூலையில், கடுகளவாக, செல்லக்கிளி என்று எழுதிய புள்ளி. அதற்கும் தன் சிவப்புப் புள்ளிக்கும் நடுவில் வெறும் வேட்டிதான் தெரிந்தது. மேனேஜர், கேண்டீன்காரர், சந்தனச்செல்வி என்று ஊரெல்லாம் கோடு. அவளிடம் மட்டும் இல்லை.

"வந்திருக்கிற ஊசி கொஞ்சம்தான்" என்றாள் ஜாய். "இவங்களுக்குக் காய்ச்சல் வந்தா கிடங்கு முழுக்க வந்துரும். அதனால முதல் ஊசி அண்ணாச்சிக்கு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு. போயிட்டு வாரேன்" என்று செல்லக்கிளி பெட்டியை எடுத்தாள். போனவள், காசிலிங்கத்தின் நாற்காலி எதிரே நின்றாள். ஏதோ எதிர்பார்ப்பவள் போல நின்றுகொண்டே இருந்தாள்.

இப்போது சொன்னால்தான் உண்டு. காசிலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். செல்லக்கிளி என்ற பெயர் நாக்கு நுனி வரை வந்தது.

"இந்தாங்க..." என்றார். "பெட்டி கவனம்."

அவள் முகம் வாடிவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றாள் ஜாய், ஊசியை அவர் கையில் இறக்கியபடியே. "போறதுக்கு முன்னால ஒரு சந்தேகம் கேட்டுக்கிடுதேன். படத்துலயே ரொம்பத் தடியா ஒரு கோடு வந்துச்சு, மிஷின் தப்புன்னு நானே அழிச்சுட்டேன். அண்ணாச்சி லீவுல கெடந்த நாள் பூரா, நீங்க சலிக்கப் போனாலும் சாப்பிடப் போனாலும் அவங்க டேக்கு உங்களைவிட்டு நகரவே இல்லன்னு காட்டுது. அலமாரியில வச்சுப் பூட்டின டேக்கு எப்படிக்கா உங்க கூடவே திரிஞ்சுச்சு?"