போ என்றால் வரும் நாய்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே உங்கள் தங்கை நலம். இந்த ஒரு வரியை எழுத இன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. நானும் நலம், நாயும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மரக்கடையில் வியாபாரம் எப்படி? உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒரு உதவி. சனிக்கிழமை தயவுசெய்து வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

இந்த நாயைக் கொண்டுபோய் உங்கள் மரக்கடை வாசலில் கட்டிப்போடுங்கள் என்று போன கடிதத்தில் கெஞ்சியவன் நான்தான். இப்போது வராதீர்கள் என்று கெஞ்சுகிறவனும் நான்தான். இந்த மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று அக்காவிடம் கேட்பீர்கள், தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கப் போய்விடுவேன், நீங்கள் "ஹலோ, ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?" என்று கத்துவீர்கள். அதனால்தான் கடிதம்.

நாயின் பெயர் உங்களுக்குத் தெரியாது. நான் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன். அதன் பெயர் போ. கால் நொண்டிக்கொண்டிருந்த குட்டியை உங்கள் தங்கை தெருவிலிருந்து தூக்கிவந்த நாளிலிருந்து, அது எதிரே வரும்போதெல்லாம் நான் "போ, போ" என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். அது அதைத் தன் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. உங்கள் தங்கை எத்தனையோ அழகான பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள், காதைக்கூட அசைக்கவில்லை. நான் "போ" என்றால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து காலடியில் உட்காரும். இன்னும் கொஞ்சம் கோபமாகச் சொன்னால் மடியில் ஏறும். கடைசியில் அவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். "போ, வா, சாப்பிடு" என்று அவள் வாசலில் நின்று கூப்பிடுவதைக் கேட்டு, பக்கத்து வீட்டு டெய்லர் என்னிடம் தனியாக வந்து, "வீட்டுல ஏதாவது சண்டையா சார்? அம்மா போன்னும் சொல்றாங்க, வான்னும் சொல்றாங்க" என்று விசாரித்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் வீடு திரும்பியதும் உங்களுக்குத் தெரியும். அனுப்பும்போது டாக்டரம்மா என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். "நல்லாத் தூங்க விடுங்க, பக்கத்துலேயே இருந்து பார்த்துக்கங்க." நான் என் வாழ்நாள் முழுக்க ஆலைக் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவன். பார்த்துக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரவுண்ட்ஸ் போவது. போய், தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவது. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், உங்களுக்கே தெரியும். கேட்டில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறவன், வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்குகிறவன், நான் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று கதவில் தகர டப்பாவைக் கட்டிவிட்டுத் தூங்குகிறவன், எல்லோரையும் பிடித்திருக்கிறேன்.

ஆகவே அறைக்குப் போவேன். அவள் அசையாமல் படுத்திருப்பாள். தோளைத் தொட்டு "தூங்குறியா?" என்று கேட்பேன். "இவ்வளவு நேரம் தூங்கிட்டுத்தான் இருந்தேன்" என்பாள். மனம் நிம்மதியாகித் திரும்பி வருவேன். கொஞ்ச நேரத்தில் நிம்மதி தீர்ந்துவிடும், மறுபடி போவேன். இரண்டாம் நாள் அவள் கைகூப்பி, "என்னங்க, நான் உயிரோடதான் இருக்கேன். தூங்கி எழுந்ததும் நானே வந்து சொல்றேன், போங்க" என்றாள். வராந்தாவில் இருந்த நாய் தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று எழுந்து உள்ளே போனது. போனதுதான் மச்சான், அதற்கப்புறம் அந்த அறை என்னுடையது இல்லை.

அடுத்த தடவை நான் ரவுண்ட்ஸ் போனபோது அது வாசற்படியில் குறுக்கே நின்றது. நான் காலைத் தூக்கினேன். அது உதட்டைத் தூக்கியது. குரைக்கவில்லை! குரைத்தால் அவள் விழித்துக்கொள்வாள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் பல்லை மட்டும் காட்டி மிரட்டுகிற காவலாளியை என் சர்வீஸில் நான் கண்டதில்லை. நானும் சத்தமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு "போ" என்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் மரியாதைக்கு வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. பிறகு என் சட்டைக் கையை வாயால் கவ்வி, பல் படாமல், என்னைக் கூடம்வரை கொண்டுவந்து நாற்காலி பக்கத்தில் விட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியது.

எல்லோரையும் இப்படித் தடுத்தாலாவது மனசு ஆறும். ஊசி போட வரும் நர்ஸ் பெண்ணுக்கு, அவள் பையை மோந்து பார்த்துவிட்டு வழிவிட்டது. நான் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனால் என்னையும் விடும். கையில் டம்ளர் இருந்தால் அனுமதி உண்டு என்று கண்டுபிடித்தேன். மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வெறும் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். எட்டி டம்ளருக்குள் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. போலி அடையாள அட்டையோடு வருகிறவனை நான் எப்படிப் பார்ப்பேனோ அதே பார்வை. அன்றைக்குப் பொங்கி வந்த ஆத்திரத்தில்தான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதித் தபாலில் போட்டேன்.

போட்டுவிட்டு வந்து, ஜன்னல் வழியாக வேவு பார்த்தேன். அது என்னதான் செய்கிறது, எப்போதாவது கண் அயர்கிறதா என்று பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம். கட்டிலின் ஓரத்தில் தாடையை வைத்துக்கொண்டு அவள் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தது. போர்வை ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. அவள் இருமினால் காது நிமிரும். புரண்டு படுத்தால் எழுந்து நிற்கும், மூச்சு சீரானதும் மறுபடி தாடையை வைக்கும். தன் தட்டில் வைத்த சோற்றைக்கூட அவள் விழித்திருக்கும்போது ஓடிவந்து இரண்டு வாய் விழுங்கிவிட்டுப் போகிறது. நின்று நின்று என் கால்தான் மரத்துப்போனது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளைத் தொடாமல், எழுப்பாமல், வெறுமனே பார்த்தே அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

மறுநாள் மத்தியானம். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நாய் பின்னால் நிற்கிறது. தன் இடத்தை விட்டுவிட்டு! அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போது! மச்சான், எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டூட்டியில் இடத்தை விட்டு நகர்ந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். "ஓகோ, துரைக்கு அலுத்துப்போச்சா? போ, போ!" என்றேன். விரட்ட விரட்டக் கிட்டே வந்தது. என் கால்சட்டையைக் கவ்வி இழுத்தது. இந்த முறை பல் பட்டது. நான் சோப்புக் கையோடு, "இரு, உன் லட்சணத்தை உன் எஜமானியம்மாகிட்டயே காட்டறேன்" என்று அதை முந்திக்கொண்டு அறைக்குள் போனேன்.

போர்வை தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. தோளைத் தொட்டு "தூங்குறியா?" என்றேன். பதில் இல்லை. உலுக்கினேன், கத்தினேன், கண்ணைத் திறந்து என்னை யாரோ மாதிரி பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் செய்தது எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. டெய்லர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார் என்று சொல்கிறார்கள். கையில் சோப்பு நுரையோடு, பாத்திரம் தேய்க்கும் நாரை இறுக்கிப் பிடித்தபடி நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன் என்றும் சொல்கிறார்கள்.

சளி மறுபடி கட்டிக்கொண்டு ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கிவிட்டதாம். டாக்டரம்மா வெளியே வந்து, "தூங்கறாங்கன்னு நினைச்சு விட்டிருந்தா சாயங்காலம் கொண்டு வந்திருப்பீங்க. நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். நான் "எங்க வீட்டுப் போ வந்து சொல்லுச்சு" என்றேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு எனக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார்.

இடத்தை விட்டு நகரக் கூடாது, ஆபத்தைச் சொல்வதற்கு மட்டும் நகரலாம். காவலாளிகளுக்கு நான் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஒருவனுக்கும் ஏறவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதற்குத் தெரிந்திருக்கிறது. நான் அதை விரட்டினேன். விரட்டினால் போகிற நாயாக இருந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு நான் வேறு கடிதம் எழுதியிருப்பேன். இந்த வரியை மூன்று தடவை அடித்து அடித்து எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று அவளை வீட்டுக்கு அழைத்துவந்தோம். நாய் துள்ளவில்லை, குதிக்கவில்லை. அவள் படுக்கும்வரை பொறுத்திருந்து, கையை ஒரு தரம் நக்கிவிட்டு, தாடையைக் கட்டிலில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டது. மச்சான், மரக்கடைக்கு வேறு நல்ல நாய் நானே தேடித் தருகிறேன். உங்கள் மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போய்விடப் போவதில்லை. எங்கள் போவை மட்டும் எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்கள் முழங்கால் நன்றாக மடங்கட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி எழட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் காவல் மேற்பார்வையாளரும் இப்போதைய காவல் உதவியாளருமான
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "அண்ணனை வரச் சொல்லுங்க. சனிக்கிழமை வண்டியோட வரச் சொல்லுங்க" என்றாள். நாயையா அனுப்பப் போகிறாய் என்று பதறினேன். "அதை யார் அனுப்பச் சொன்னா? உங்களைத்தான். ஒரு பத்து நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாங்க. எனக்குத் தூங்கணும்" என்றாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு வண்டியோடு வாருங்கள் என்று எழுதுவதாக இருந்தேன். துணிகளைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பார்த்தால் என் செருப்பைக் காணோம். நாய் இரண்டையும் கவ்விக்கொண்டுபோய்க் கட்டிலோரத்தில் போட்டு அவற்றின்மேல் படுத்திருக்கிறது. எடுக்கக் கையை நீட்டினால் உதட்டைத் தூக்குகிறது. உங்கள் தங்கை அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, இருந்து தொலைங்க. ஆனா தொடக் கூடாது, கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள். இதை நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாய் உதட்டைத் தூக்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறது. போர்வை நன்றாக ஏறி இறங்குகிறது. நீங்கள் வர வேண்டாம்.