துபாய் அண்ணன்

சொந்த வீட்டு வாசலில் பரதேசியாகப் போய் நின்று, தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, அவள் கையாலேயே கேசரி வாங்கித் தின்ற அண்ணன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து தலையைக் குனிந்துகொள்ளலாம்.

எனக்கு ஒரே இடத்தில் கால் தரிக்காது. ஒன்பதாவதில் பள்ளிக்கூடம் சலித்தது. ரங்கநாதன் தெருவில் ஜவுளி மூட்டை தூக்கினேன், அதுவும் சலித்தது. அப்போதுதான் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். வெள்ளை அங்கி, வெறுங்கால், தோளில் ஒரு பை. இயேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக நடப்பதுதான் அவர்கள் வாழ்க்கை. ஓர் இடத்தில் மூன்று இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம். (எனக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம்!) அன்று சாயங்காலமே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் பின்னால் நடந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை; ஜவுளிக் கடையில் விசாரித்துத்தான் அம்மாவுக்குத் தெரிந்ததாம்.

பசி, கொப்புளம், தெருநாய் எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. பஸ் ஸ்டாண்டில் படுத்தால் போலீஸ்காரர் எழுப்புவார், கோயில் வாசலில் படுத்தால் வாட்ச்மேன் எழுப்புவார், வித்தியாசம் அவ்வளவுதான். சேர்ந்தவர்களுக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். எனக்குப் பொறுமை என்று வைத்தார்கள். என்னோடு ஜோடியாக நடந்தவருக்குச் சந்தோஷம் என்று பெயர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வீடுகளுக்குப் போவதற்கும் சட்டம் உண்டு. வாசலில் நின்று, "இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். எதையும் கேட்கக் கூடாது. உள்ளே கூப்பிட்டால் போய், முன்னால் வைத்ததைச் சாப்பிட வேண்டும். போ என்றால் அந்த வாசலிலேயே கால் தூசியை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அப்புறம் அந்த வீட்டை மிதிக்கவே கூடாது. அம்மா, தங்கை என்று தனியாக யாரும் கிடையாது. எல்லாரும் அம்மா, எல்லாரும் தங்கை.

பிரசங்கம் எனக்கு வராது. ஜெபத்தில் நடுவே தூங்கிவிடுவேன். ஆனால் தூசி உதறுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தின் மூத்தவர் எங்கள் இருவருக்கும் பெசன்ட் நகர் கடற்கரை ஓரத்தை ஒதுக்கினார். அதில் ஊரூர் குப்பமும் அடக்கம். அம்மா மீன் விற்று எங்களை வளர்த்த இடம். நான் வாயைத் திறந்திருந்தால் வேறு ஜோடியை அனுப்பியிருப்பார். எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். நிஜத்தைச் சொன்னால் வேறொரு ஆசையும் இருந்தது. தாடியும் அங்கியுமாக என்னைப் பார்த்து அம்மா அசந்துபோக வேண்டும்.

அசந்துதான் போனாள்.

என் தங்கை செல்வியும் ரகு என்பவனும் பாண்டி பஜாரில் ஒரே கடையில் வேலை செய்தார்கள். கல்யாணம் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். ரகுவின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. அப்பா இல்லாத வீடு, அதில் அண்ணனும் சாமியார்க் கூட்டத்தோடு ஓடிப்போனவன் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால் அம்மா என்னைத் துபாய்க்கு அனுப்பிவிட்டிருந்தாள். ஏசி மெக்கானிக். நல்ல சம்பளம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். துபாயில் நான் செழிப்பாக இருந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான், முதல் நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடாமல் சொந்த வாசலில் வந்து நின்றேன்.

வாசலில் புதுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே பாய் விரித்து நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் சொன்னேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

எங்களைப் போகச் சொல்லிக் காப்பாற்றியிருக்க வேண்டியவர் ரகுவின் அம்மா. ஆனால் அவர் நல்ல மனுஷி.

"சாமிங்க பசியோட நிக்கிறாங்க பாரு. நல்ல நாளும் அதுவுமா வந்துகீறாங்க. உள்ள கூப்டும்மா செல்வி" என்றார்.

கூப்பிட்டுவிட்டார்கள். இனிச் சட்டப்படி உட்கார்ந்தே ஆக வேண்டும். சந்தோஷம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில். செல்வி பட்டுப்புடவையில் தட்டோடு வந்தாள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. என்னிடம் தட்டை நீட்டினாள். குனிந்த வாக்கில் உதடு அசையாமல், "துன்னுட்டு சீக்கிரம் கெளம்புண்ணா" என்றாள்.

நான் கெளம்பவில்லை. (பஜ்ஜி நன்றாக இருந்தது. என்னத்தைச் சொல்ல!) சந்தோஷமும் நானும் வைத்ததையெல்லாம் தின்றோம். சட்டம் அப்படி. நாங்கள் தின்னத் தின்ன ரகுவின் அம்மா பரிதாபப்பட்டு இன்னும் வைக்கச் சொன்னார். கடைசியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இரண்டாம் சுற்றுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"எந்த ஊருப்பா உனக்கு?" என்று ரகுவின் அம்மா என்னைக் கேட்டார்.

"எங்களுக்கு ஊர் கிடையாதும்மா."

"பெத்தவங்க?"

வாய் தானாகப் பழகிய பதிலைச் சொல்லிவிட்டது. "தனியா அம்மான்னு யாரும் இல்ல. எல்லாரும் அம்மாதான்."

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்தது.

"பாவம். எவ பெத்த புள்ளையோ. அவ வயிறு எப்டி எரியுதோ" என்றார் ரகுவின் அம்மா.

அதற்கு மேல் அம்மாவால் தாங்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "துன்னாச்சில்ல? இங்க நல்ல காரியம் நடந்துகினு கீது. அந்தாண்ட போங்கப்பா."

போ என்று சொல்லிவிட்டாள். சந்தோஷம் எழுந்தார். அவர் வாசலில் நின்று அடக்கமாக இரண்டு காலையும் உதறினார். அதோடு விட்டிருக்கலாம். நான் முன்னால் வந்தேன். என்னை வெளியே போகச் சொன்னவள் என் அம்மா என்ற கோபமா, எனக்கு அம்மாவே இல்லை என்று காட்டும் வீம்பா தெரியவில்லை. இடது கால், வலது கால் என்று தரை அதிர அடித்தேன். குப்பத்து மணல், மீன் செதில், அடையாறிலிருந்து நடந்து சேர்த்த தூசி அத்தனையும் மாப்பிள்ளை வீட்டாரின் புதுச் செருப்புகளில் போய் விழுந்தது. அங்கியையும் பிடித்து ஒரு உதறு உதறினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என்ன ஒரு நிமிர்ந்த நடை! நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அப்புறம் நடந்ததுதான் நிஜமான நாசம். அப்போது நான் அங்கே இல்லை.

மாசக் கணக்காகிவிட்டது. ரங்கநாதன் தெரு முனையில் நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்து என் முன்னால் நின்றான். ரகு. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா மச்சான், துபாய்ல வெயில் எப்டி கீது?"

என்னை ஓரமாக இழுத்துப் போய், டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னான்.

நாங்கள் போனதும் அவன் அம்மா வாசலைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, இவ்ளோ மண்ணக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு கை பெருக்கி உட்டுரு" என்றிருக்கிறார். என் அம்மா விளக்குமாறை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வந்து, அப்படியே நின்றிருக்கிறாள். வீட்டு ஆள் வெளியே கிளம்பிப் போன உடனே பெருக்கக் கூடாது. பெருக்கினால் போனவர் திரும்பி வரமாட்டார். எங்கள் பக்கம் இது எல்லாருக்கும் தெரியும்.

குடு, நான் பெருக்குகிறேன் என்று ரகுவின் அம்மா கையை நீட்டியிருக்கிறார். அம்மா விளக்குமாறை மார்போடு பிடித்துக்கொண்டாளாம்.

"வாணாம்மா. இப்ப பெருக்கக் கூடாது. புள்ள இப்பதான் வெளிய போயிருக்கான்."

"எந்தப் புள்ள? துபாய்ல கீற புள்ளையா?"

அம்மா அழுதிருக்கிறாள். ரகுவின் அம்மா செருப்பைக் கவிழ்த்து மணலைத் தட்டிவிட்டு, தன் ஆட்களோடு கிளம்பிப் போய்விட்டார். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. செல்வி ரகுவோடு வேலை செய்த கடையை விட்டுவிட்டாள்.

"உன் அண்ணன் கால்ல செருப்பு போட்டுகினு, நான்தான் அண்ணன்னு என் எதிர்ல வந்து நிக்கட்டும். அப்பறம் பேசலாம்" என்று மட்டும் அவன் அம்மா செல்வியிடம் சொல்லியிருந்தாராம்.

டீ ஆறிவிட்டது. தூசி உதறிய வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது என்பது சட்டம். சந்தோஷத்திடம் சொன்னேன். அவர், "போங்க பொறுமை. நான் எங்க வீட்டு வாசல்ல ஒதறி பத்து வருசமாச்சு" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது அம்மா திட்டவில்லை. "செருப்பு எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய செருப்பில் ரகுவின் அம்மா முன் போய் நின்றேன். பழக்கம் விட்டுப்போனதால் அவர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே ஒன்று கழன்று கீழே போய்விட்டது. ஒற்றைச் செருப்போடுதான் நான்தான் அண்ணன் என்று சொன்னேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் செல்வி வீட்டுக்குப் போனால் அவள் மாமியார், "வா துபாய்க்காரா, கால ஒதறிட்டு உள்ள வா" என்றுதான் கூப்பிடுகிறார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

கால் தரிக்காத புத்தி மட்டும் போகவில்லை. இப்போது கல்யாணச் சமையல் கோஷ்டியோடு பரிமாறப் போகிறேன். காஞ்சிபுரம், வேலூர் என்று இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். நான் கிளம்பினால் திரும்பி வரும்வரை அம்மா விளக்குமாறைத் தொடுவதில்லை. முதல் நாள் மட்டும் பெருக்காமல் இருந்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றபோது செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, எப்ப வர? சீக்கிரம் வந்து தொல. அம்மா வூடு முழுக்க மீன் செதிலு, உள்ள கால் வெக்க முடியல."