சந்திர மண்டலத்து மரியாதை

இந்தக் கதையைப் பன்னிரண்டு வருஷமாக நான் சந்தேகப்பட்டு வருகிறேன். சொன்னவர் திருவேங்கடம். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பூந்தமல்லியில் அவருக்குப் பெயர். இதுவரை ஐந்து தடவை சொல்லியிருக்கிறார். பொய்யாக இருந்தால் சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கும். நிஜமாக இருந்தால் சொல்லச் சொல்லத் தேய்ந்திருக்கும். இது வளரவுமில்லை, தேயவுமில்லை. ஒரு மனிதன் தான் தோற்ற கதையைத் தானே சொல்லும்போதுகூட நம்ப மறுக்கிறோமே, இது என்ன குணம் என்று என்னையே பல நாள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கதையில் எங்கோ ஓர் ஓட்டை இருந்தது. அது எங்கே என்று ஐந்தாவது தடவைதான் பிடிபட்டது. கேட்டபடியே சொல்கிறேன்.

மதராஸில் படங்கள் பேச ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். பூந்தமல்லி டெண்டு கொட்டகையில் மட்டும் இன்னும் ஊமைப் படம்தான். படத்துக்குப் பதிலாகத் திருவேங்கடம் பேசினார். திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்போடு நின்று, இவன் யார், அவள் யார், யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று ஜனங்களுக்குச் சொல்வது அவர் உத்தியோகம். நடுநடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தையும் அவரே படித்துச் சொல்வார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ஊரின் நம்பிக்கை. அவர் அதைக் கலைக்கவில்லை.

கொட்டகையில் நானூறு பேர் அவர் வாய் திறக்கக் காத்திருப்பார்கள். வீட்டில் அவர் வாய் திறந்தால் மூடுவதற்குப் பூங்காவனம் காத்திருப்பாள்.

அவளுக்கு அயனம்பாக்கத்து ஏரிக்கரையில் இரண்டு காணி நஞ்சை இருந்தது. மஞ்சக்காணி. மஞ்சள் செலவுக்கென்று பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் எழுதி வைக்கிற நிலம். அதை விற்றுவிட்டால் கொட்டகையில் பாதிப் பங்கு தருவதாக முதலாளி கிறிஸ்துதாஸ் சொல்லியிருந்தார். நாளைக்குப் பூந்தமல்லியிலும் படம் பேச ஆரம்பித்தால் பேசுகிறவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். பங்குதாரனை அனுப்ப முடியுமா? வேண்டியதெல்லாம் பூங்காவனத்தின் கைநாட்டு ஒன்றுதான்.

"ஏம்மே, அந்த அயனம்பாக்கத்து நெலம்..."

"அது எங்கம்மா என் மஞ்சளுக்குக் குடுத்தது."

"வருசத்துக்கு எவ்ளோ மஞ்சள் பூசுவே நீ? அரை வீசை. அதுக்கு ரெண்டு காணியா?"

"எனுக்கு மூஞ்சி பெருசு. போய்யா."

அன்றுதான் திருவேங்கடம் சபதம் எடுத்தார். பெண்டாட்டியிடம் கேட்டு வாங்குகிறவன் புருஷனே அல்ல. அவளே கொண்டுவந்து நீட்டவேண்டும். நீட்ட வைப்பது எப்படி என்பதையும் கடவுளே ஒரு தகரப் பெட்டியில் வைத்து மதராஸ் பஸ்ஸில் அனுப்பினார்.

அது ஒரு வெள்ளைக்காரத் தொடர் படம். பத்து பாகம், சனிக்கிழமைக்கு ஒன்று. தோல் குல்லாய் போட்ட ஒரு வீரன் சுரைக்காய் மாதிரி இருக்கும் இரும்புக் கப்பலில் ஏறிச் சந்திரனுக்குப் போகிறான். கூடவே சுருட்டை முடியோடு ஒரு பெண். கப்பல் பறப்பதற்கு ஒரு நீலக்கல் பெட்டி வேண்டும். பெட்டி அவளுடையது, அவள் அப்பா கொடுத்தது. திருவேங்கடம் வீரனுக்கு ஆகாச சூரன் என்று பெயர் வைத்தார், பெண்ணுக்குத் தாரகை என்று வைத்தார். பெட்டிக்குச் சீதனம் என்று வைத்தார்.

முதல் பாகத்தில் ஒரு ராட்சசன் வந்தான். தாரகை ஓடிப் போய்ச் சூரன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நாதா! தாங்கள் இருக்க எனக்கு என்ன குறை!" என்று முழங்கினார் திருவேங்கடம். பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"பாத்தியாம்மே? எப்டி புருசன் பின்னாலயே நிக்கறா பாத்தியா?"

"எதிர்ல கீறது ராட்சசன். முன்னாடி நிக்கறவனத்தானே மொதல்ல முழுங்குவான்? புத்திசாலிப் பொண்ணு."

மூன்றாம் பாகத்தில் சூரன் பெட்டியைக் கேட்டுக் கை நீட்டினான். தாரகை தலையை ஆட்டினாள். திரையில் பெரிய எழுத்தில் 'நோ' என்று வந்தது. அது ஒன்று அவரால் படிக்க முடிந்தது. ஆனாலும் விட முடியுமா?

"'நோகாதீர்கள் நாதா! அந்தப் பாரமான பெட்டியைத் தூக்கி உங்கள் கை நோகலாமா? கொஞ்சம் பொறுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்' என்கிறாள் பத்தினி!"

"நோன்னா மாட்டேன்னு அர்த்தம்!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மிசன் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககூட சொல்லும்!"

அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். தினமும் சாப்பாட்டோடு சேர்த்து வாங்குகிற குரல்.

ஐந்தாம் பாகத்தில் விபரீதம். சூரன் பெட்டியைப் பிடுங்கப் பார்க்க, தாரகை அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். 

"கொசு!" என்றார் திருவேங்கடம். "நாதன் கன்னத்தில் கொசு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மனம் பொறுக்கவில்லை!"

தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் எழுந்தான். "அண்ணாத்தே, சந்திரன்ல கொசு கீதா?"

"இங்கேருந்துதான் கப்பல்ல போச்சு. நம்ம ஊர்க் கொசு."

பூந்தமல்லிக் கொசு என்றதும் ஜனங்கள் நம்பிவிட்டார்கள். பூங்காவனம் நம்பவில்லை. "இன்னொரு கன்னத்துலயும் ஒண்ணு கீது பாரு, அடி!" என்று கத்தினாள். பெண்கள் பக்கம் சிரித்த சிரிப்பில் மறைப்புத் துணியின் கயிறு அறுந்தது.

ஏழாம் பாகத்தில் சூரனுக்கு அடிபட்டுவிட்டது. கப்பலை அவளே ஓட்டினாள். அவன் பின்னால் கட்டுப்போட்ட தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"சாரதி! கிருஷ்ண பரமாத்மா அர்ஜுனனுக்குத் தேர் ஓட்டவில்லையா? ஓட்டினால் வேலைக்காரன் என்று அர்த்தமா?"

"அப்போ அவ கிருஷ்ணன். அவ சொல்றதத்தான் அவன் கேக்கணும்!"

இப்படி வாரத்துக்கு வாரம் அந்தப் பெண் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தாள், சூரன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். திருவேங்கடத்துக்குத் தொண்டை கட்டியது. பெண்கள் டிக்கெட் மட்டும் இரண்டு பங்காகியது.

ஏழாம் பாகம் முடிந்த ராத்திரி சோறு போடும்போது பூங்காவனமே பேச்சை எடுத்தாள்.

"இந்தாய்யா, ஒரே பேச்சு. கடைசி பாகத்துல அந்தப் பொண்ணு பொட்டிய அவங்கையில குடுத்துட்டான்னா, நான் கைநாட்டு வெச்சுடறேன். பொட்டி அவகிட்டயே நின்னுடுச்சுன்னா, நீ உசுரோட கீற வரைக்கும் மஞ்சக்காணின்ற வார்த்தையே வாயில வரக்கூடாது."

திருவேங்கடம் சோற்றைப் பிசைந்தபடி யோசிப்பது போல் பாவனை செய்தார். உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. படத்தோடு வந்த அச்சுக் காகிதத்தைக் கிறிஸ்துதாஸ் முன்பே படித்துச் சொல்லியிருந்தார்: முடிவில் அவள் பெட்டியைச் சூரனிடம் கொடுக்கிறாள், அவன் மண்டியிட்டு வாங்கிக்கொள்கிறான், இருவரும் கப்பலேறுகிறார்கள், சுபம்.

"கண்ணால பாக்கறதுதான் கணக்கு. நான் வாயால சொல்றது கணக்கில்ல. சம்மதமா?" என்றார், தர்மபுத்திரர் மாதிரி.

"கற்பூரம் அடிச்சுச் சொல்லு."

அடித்துச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் படத்துக்குத் தண்டோரா போடும் மாட்டு வண்டியில் இந்தப் பந்தயத்தையும் சேர்த்துப் போட்டார். வானகரம் வரை செய்தி போயிற்று. மிசின் அறையில் இருந்தவன் பூங்காவனத்தின் தம்பி நாகேந்திரன். படம் காட்டும் மிசினின் கைப்பிடியைக் கையால் சுற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் திரையில் குதிரை நடக்கும்; வேகமாகச் சுற்றினால் பறக்கும். நாகேந்திரன் அதில் சூரன். அந்த மூன்று வாரமும் பூங்காவனம் தம்பிக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் பகலிலேயே மிசின் அறைக்கு எடுத்துப்போனாள். தோற்கப்போகிறவள் கூடப் பிறந்தவனிடம் போய் அழுகிறாள் என்று திருவேங்கடம் விட்டுவிட்டார்.

கடைசி சனிக்கிழமை. கொட்டகையில் காற்று நுழைய இடமில்லை. ஜனங்கள் திரையிலேயே முட்டினார்கள். நாகேந்திரன் ஓடிவந்து, "மாமா, நீ கதய சொல்லு, கும்பல நான் பாத்துக்கறேன்" என்று அவர் பக்கத்தில் கழியோடு நின்றுகொண்டான். திருவேங்கடம் பெண்கள் பக்கம் பார்த்தார். பூங்காவனம் வழக்கமாக உட்காரும் இடத்தில் பக்கத்து வீட்டு எல்லம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோல்வியைப் பார்க்கத் தைரியமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள், பாவம் என்று அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

விளக்கு அணைந்தது. படம் ஓடியது.

வானத்திலிருந்து கப்பல் வந்தது. வால் முன்னால், தலை பின்னால்.

திருவேங்கடம் ஒரு கணம் திகைத்தார். பன்னிரண்டு வருஷம் கதை சொன்ன வாய் தானாகப் பேசியது. "ஆவடி ஸ்டேஷனில் இஞ்சின் ரிவர்ஸ் வாங்குவது போல, கப்பல் சந்திரனில் வந்து நிற்கிறது!"

"மாமா சொல்றது கரீட்டு!" என்று நாகேந்திரன் கழியைத் தட்டினான்.

கதவு திறந்தது. சூரனும் தாரகையும் இறங்கினார்கள். முதுகை முன்னால் வைத்துப் பின்பக்கமாக நடந்து இறங்கினார்கள். சந்திரனின் ராஜாவும் பரிவாரமும் எதிரே பின்பக்கமாகவே வந்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். தரை டிக்கெட்காரன் எழுந்துவிட்டான்.

"அண்ணாத்தே, இன்னா இது?"

"உட்காருடா! சந்நிதியிலிருந்து வரும்போது சாமிக்கு முதுகைக் காட்டுவாயா? பின்பக்கமாகத்தானே நடந்து வருவாய்? அதுதான் சந்திர மண்டலத்து மரியாதை. யாரிடம் மரியாதை உண்டோ அவருக்கு முன்னால் இப்படித்தான் நடக்கவேண்டும்!"

கொட்டகை கைதட்டியது. அந்தக் கைதட்டலில் அவர் மயங்கிவிட்டார். தாரகையின் கண்ணீர் கன்னத்திலிருந்து கண்ணுக்கு ஏறியபோது, "சந்திரனில் கண்ணீர் மேல்நோக்கித்தான் போகும், வீணாவதில்லை!" என்றார். அதற்கும் கைதட்டல்.

அப்போதுதான் கவனித்தார். நீலக்கல் பெட்டி சூரன் கையில் இருந்தது.

சூரன் மண்டியிட்டான். இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கித் தாரகையிடம் நீட்டினான். அவள் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் எழுந்து, அவளைப் பார்த்தபடியே, பின்னால், பின்னால், பின்னால் நடந்து, திரையின் ஓரத்தில் மறைந்தே போனான்.

 நானூறு பேரும் திருவேங்கடத்தைப் பார்த்தார்கள். அவர் பிரம்பைக் கை மாற்றினார். 

எல்லம்மாதான் சொன்னாள். "நீதானே சொன்னே அண்ணாத்தே? யாருகிட்ட மரியாத கீதோ அவங்க முன்னாடிதான் அப்டி நடப்பாங்கன்னு?"

"மாமா சொன்னது கரீட்டு!" என்றான் நாகேந்திரன்.

ஜனங்கள் சாட்சி, கற்பூரம் சாட்சி. மஞ்சக்காணி என்ற வார்த்தை அன்றோடு அவர் வாயிலிருந்து போயிற்று. எட்டு மாதத்தில் கொட்டகைக்குப் பேசும் மிசின் வந்தது. அவர் வேலை போயிற்று. அதற்கப்புறம் இருவரும் சாப்பிட்டது அயனம்பாக்கத்து நெல்லைத்தான். கதையை என்னிடம் அவர் ஐந்தாவது தடவை சொன்னபோதும் அந்த நிலத்தின் வரப்பில் நின்று கொக்கு விரட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"கிறிஸ்துதாஸ் காகிதத்தைத் தப்பாப் படிச்சுட்டாரு. அதான் நடந்தது" என்றார்.

"பூங்காவனம் அக்காவுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்திருக்குமே?"

"இன்னா சந்தோஷம்? புருசன ஜெயிச்ச துக்கம். மறுநாள் அவளால சோத்துக் கரண்டியக்கூடத் தூக்க முடியல. வலது கை தோள்பட்டயிலருந்து உட்டுப்போச்சுன்னு அழுதா. மூணு நாளு நான்தான் விளக்கெண்ண தேச்சு உருவி உட்டேன். மனசு வலி கையில எறங்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுகினேன்."

கொக்குகள் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து உட்கார்ந்தன. அவர் கை தட்டினார்.  கேட்பதா, விடுவதா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டுவிட்டேன்.

"அண்ணாத்தே, நாகேந்திரன் உங்க பக்கத்துல கழியோட நின்னுகினு இருந்தான்னா, மிசினைப் பின்பக்கமாச் சுத்தினது யாரு?"