பிடரியில் குடியிருந்த சின்னவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வழக்கமாக யோசிக்காமல் எழுதிவிடுகிற இந்த வரியை எழுத, போன வாரம் வரை எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று தாராளமாக எழுதுகிறேன்: சுகம், சுகம், சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். நீ போனில் "அத்தான் எப்படியிருக்கார்?" என்று கேட்டபோதெல்லாம் "இருக்கார், இருக்கார்" என்று பேச்சை மாற்றினேனே, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததுதான் காரணம். இப்போது வேலைக்குப் போயிருக்கிறார். கதையை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தானின் பிடரியில் இருந்த கட்டி உனக்கு நினைவிருக்கும். முதலில் அது பட்டாணி அளவுதான். அது தலைகாட்டிய வாரத்தில்தான் அவருடைய லிஃப்ட் மெக்கானிக் வேலை நிரந்தரமாயிற்று. அப்புறம் மகள் பிறந்தாள், வீட்டைக் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர் மனம் மாறினார், ஒரு தடவை லிஃப்ட் கூண்டின்மேல் நின்று வேலை செய்தபோது மேலேயிருந்து விழுந்த ஸ்பானர் இவர் காதோரமாகப் போயிற்று. எல்லாம் அந்தக் கட்டியின் ராசி என்று முடிவு கட்டிவிட்டார். அதற்குமேல் அதைக் கட்டி என்று சொன்னாலே கோபம். 'சின்னவர்' என்று பேர் வைத்தார். முடிவெட்டுகிறவருக்கு "சின்னவர் பக்கம் கத்திரி போகக் கூடாது" என்று உத்தரவு. தையல்காரரிடம் சொல்லிச் சட்டைக் காலருக்குப் பின்னால் ஒரு பள்ளம். மகள் பரீட்சைக்குப் போகுமுன் தொட்டுவிட்டுத்தான் போவாள். அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில், மேலதிகாரியைப் பார்க்கப் போகிறவர்கள் லிஃப்டுக்குள்ளேயே "அண்ணே, கொஞ்சம் குனிங்க" என்பார்களாம். இவரும் பெருமையாகக் குனிந்து கொடுப்பாராம். இத்தனை உபசாரத்தில் சின்னவர் எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்துவிட்டார். பார், நானே மரியாதை கொடுக்கிறேன்!

போன வருஷத்திலிருந்து வலி. கழுத்து திரும்பவில்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், பீரோவை நகர்த்துகிற மாதிரி ஆளே முழுசாகத் திரும்புவார். "டாக்டர்கிட்ட காட்டினா என்ன கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டேன். "காட்டினா வெட்டுவாங்க. வெட்டினா ராசி போச்சு. அப்புறம் நீதான் அனுபவிப்பே" என்றார். அழுதேன், சண்டை போட்டேன், சில நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். வீட்டில் இப்படி அமைதி வந்ததும் சின்னவர் புண்ணியம்தான் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். அவர் தூங்கினதும் அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். அது என்ன ஏது என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம்தான் அந்த லிஃப்ட் நின்றது. அவர் தினமும் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிற அதே லிஃப்ட், இரண்டு மாடிக்கு நடுவே, இவரை உள்ளே வைத்துக்கொண்டே நின்றுவிட்டது. கூட இருந்தது ஒரே ஓர் ஆள், மேல்மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, அதுவும் அறுவை சிகிச்சை செய்கிறவர். கூரையிலிருக்கும் மூடியைத் திறந்துதான் ஏற வேண்டும், ஆனால் இவருக்கு அண்ணாந்து பார்க்கவே முடியவில்லை. கூட வேலை செய்கிறவருக்குப் போன் போட்டுவிட்டுச் சும்மா நின்றிருக்கிறார். "மேல பாக்கவே முடியலையே, கழுத்துல என்ன?" என்று கேட்டிருக்கிறார் டாக்டரம்மா. "ராசியானது, தொட்டுக்கோங்க" என்று இவர் குனிந்திருக்கிறார். அந்தம்மா போன் வெளிச்சத்தில் நாலு பக்கமும் அழுத்தின அழுத்தில் இவர் "ஐயோ" என்று கத்தினாராம்.

"இவ்வளவு ராசின்னா, நீங்க உள்ள இருக்கும்போதே லிஃப்ட் ஏன் நின்னுச்சு?" என்று அந்தம்மா கேட்க, இவர் ரொம்ப யோசித்துவிட்டு, "சின்னவர்தான் நிறுத்தியிருக்கார் டாக்டர். உங்ககிட்ட காட்டணும்னு" என்றாராம். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்படின்னா அவர் பேச்சைத் தட்டாதீங்க. நாளைக்கே வாங்க" என்றுவிட்டார். நான் வருஷக்கணக்காகக் கத்தி நடக்காததை, அந்தக் கட்டி ஒரு அரைமணி நேரத்தில் நடத்திவிட்டது. எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வருகிற வரைக்கும் வீடு வீடாக இல்லை. பெரிய கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கை தானாகப் பிடரிக்குப் போகும், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரும். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லவா? எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பயம்தான். கட்டின்னு நெனைச்சா தூக்கம் வரல. அதிர்ஷ்டம்னு நெனைச்சேன், வந்துச்சு" என்றார். திட்டுவதற்கு நான் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன் தம்பி. அத்தனையையும் விட்டுவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்து, "வெறும் கொழுப்புதாம்மா, பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றார். இவருக்கு உடம்பெல்லாம் கொழுப்பு என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்குத் தெரியாதா? அந்த அறையிலேயே விழுந்து விழுந்து சிரித்தேன், அப்படியே அழுதேன், டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். உன் அத்தானுக்கு மட்டும் லேசாக வருத்தம். "வெறும் கொழுப்பா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் தெருவில் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, தேவையில்லாததையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மகளும் எதையும் தொடாமலே நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலை வாங்கிவிட்டாள். தழும்பையாவது தொட்டுக்கொள்கிறோம் என்று வந்தவர்களிடம், "போய் வேலைய ஒழுங்கா பாருங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ஆகையால் தம்பி, உடம்பில் எது வந்தாலும் தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு உட்காராதே. உடனே டாக்டரிடம் காட்டு. அக்கா பட்ட பாடு போதும். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள்.

இப்படிக்கு,
நிம்மதியாக மூச்சுவிடும் உன் அக்கா

பி.கு.: மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று மகள் உன்னிடம் கோள் சொன்னாளாமே. அதற்கெல்லாம் டாக்டர் வேண்டாம். காது வழியாகக் காற்று புகுந்து நெஞ்சை அடைக்கிறது, அவ்வளவுதான், எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஏறுகிறேன். அதற்கப்புறம் மூச்சு வாங்குகிற சத்தமே கேட்கவில்லை.